ஜூலியின் கட்டிக்கு 45,000 ரூபாய் செலவு செய்வதா?

கேள்வி: எங்களுக்கு பவானி பக்கம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் இரண்டு கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். ஜூலி என்று ஒரு பெண் நாய், லேப்ரடார் (லேப்) கலப்பு, 9 வயது, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யவில்லை. ஒரு வருடமாக அடிவயிற்றில் பால்காம்பு பக்கம் ஒரு கட்டி. இப்போது எலுமிச்சம்பழ அளவு இருக்கிறது, கூடவே சின்னதாக இரண்டு. சாப்பாடு, ஓட்டம், குரைப்பு எல்லாம் பழையபடிதான். ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 8,000, ஆபரேஷன் 25,000, மூன்று நாள் தங்க 7,000, கட்டியைச் சோதனைக்கு அனுப்பவும் மருந்துக்கும் 5,000, ஆக 45,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். கீமோ தேவைப்பட்டால் அது தனியாம். வீட்டுக்காரர் என் செயினை அடகு வைக்கலாம் என்கிறார். மகளின் காலேஜ் பீஸுக்கு வைத்த 30,000 மட்டும்தான் கையில் இருக்கிறது. மாமியார், "மாட்டுக்குச் செலவு பண்ணினால் பால் வரும், நாய்க்குப் பண்ணினால் என்ன வரும்?" என்று கேட்கிறார். போன மாதம் மடிநோய்க்கு ஒரு மாட்டுக்கு 6,000 ஆனபோது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்குப் பார்க்கிற நான்தான் கல்மனசுக்காரியா? என்ன செய்யட்டும்?

பதில்: செயினை இன்றைக்கு அடகு வைக்க வேண்டாம், காலேஜ் பீஸையும் தொட வேண்டாம். அதற்காக ஜூலியை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். அந்த 45,000 ரூபாய் சீட்டை ஒரே தொகையாகப் பார்ப்பதால்தான் உங்கள் வீட்டில் சண்டை வருகிறது. அது நான்கைந்து தனித்தனி முடிவுகள். முதல் முடிவுக்கு அதிலிருந்து ஒரு சின்னப் பங்கு போதும், மிச்சப் பணத்தைச் செலவு செய்வதா வேண்டாமா என்பதை அதுவே சொல்லிவிடும்.

அந்த முதல் செலவு நெஞ்சு எக்ஸ்ரே. பெண் நாய்களுக்குப் பால்சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி சாதாரணக் கட்டி, பாதி புற்று. புற்றாக இருந்தால் அது போய் உட்காரும் முக்கியமான இடம் நுரையீரல். அங்கே ஏற்கனவே பரவியிருந்தால் வயிற்றுக் கட்டியை வெட்டி எடுத்து ஜூலிக்கு ஒரு லாபமும் இல்லை. தையல் வலியும் மயக்க மருந்தும்தான் மிச்சம். பரவவில்லை என்றால் ஆபரேஷன்தான் சரியான வைத்தியம். அதனால் நெஞ்சை இரண்டு பக்கமும் படுக்க வைத்து, அப்புறம் மல்லாத்தியும், மூன்று கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே படத்தில் சின்னச் சின்னப் பரவல் மறைந்து போகும். அன்றைக்கே டாக்டர் தொடை இடுக்கிலும் முன்னங்கால் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கட்டும், அதற்குக் காசில்லை. கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை, முக்கியமாகக் கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஏனென்றால் 9 வயது நாய்க்கு மயக்க மருந்து கொடுக்குமுன் அது தெரிந்தே ஆக வேண்டும். ஸ்கேன் இந்தக் கட்டத்தில் காத்திருக்கலாம்.

எக்ஸ்ரே எல்லாமும் சொல்லிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிளகு அளவுக்கும் கீழே இருக்கும் பரவல் அதில் தெரியாது. சிடி ஸ்கேன் எடுத்தால் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். ஆனால் உங்கள் நிலைமையில் சிடி ஸ்கேனுக்குப் பணம் போடச் சொல்ல மாட்டேன்.

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலி நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள், கட்டி ரொம்பப் பெரியதாகவும் இல்லை. 3 செ.மீ.க்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் நல்லது, 5 செ.மீ. தாண்டினால் நிலைமை மோசம். எலுமிச்சம்பழம் என்று நீங்கள் சொல்வது இரண்டுக்கும் நடுவில். ஒரு ஸ்கேல் வைத்து அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். அப்படியானால் நான் ஆபரேஷனுக்குத்தான் கை தூக்குவேன். ஆனால் எந்த ஆபரேஷன்? 25,000 என்று போட்டிருப்பதைப் பார்த்தால் ஒரு பக்கத்து மடி வரிசையையே முழுதாக எடுப்பதாகத் தோன்றுகிறது. நாய்க்கு ஒரு பக்கம் ஐந்து என்று மொத்தம் பத்து சுரப்பி. கட்டியை மட்டும் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு எடுப்பதற்கும் வரிசையையே எடுப்பதற்கும், வெட்டிய ஓரத்தில் கட்டியின் மிச்சம் இல்லாத பட்சத்தில், நாயின் ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், மிச்சம் விட்ட சுரப்பிகளில் பிற்பாடு புதுக்கட்டி வரலாம். 4 வயது நாய் என்றால் நானே முழு வரிசையை எடுக்கச் சொல்வேன். லேப் கலப்பு நாய் 10 முதல் 13 வயது வரை வாழும் ஜாதி. ஜூலிக்கு 9 ஆகிவிட்டது. அவளுக்குச் சின்ன ஆபரேஷன், சின்னத் தையல், சீக்கிரம் ஆறுதல். இதை டாக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. மூன்று கட்டியும் எங்கெங்கே இருக்கின்றன என்று கையால் பார்த்தவர் அவர், அதனால் கடைசி வார்த்தை அவருடையது.

கருப்பையையும் அதே மயக்கத்தில் எடுத்துவிட முடியுமா என்றும் கேளுங்கள். இந்த வயதில் எடுப்பதால் கட்டி வராமல் தடுப்பது கொஞ்சம்தான். இளம் வயதில், முதல் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) வருவதற்கு முன்போ அதை ஒட்டியோ செய்திருந்தால் இந்தக் கட்டியே பெரும்பாலும் வந்திருக்காது. ஆனால் வயதான பெண் நாய்களுக்கு ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. அது ராத்திரியோடு ராத்திரியாக ஓடவேண்டிய அவசரம், அன்றைக்கு ஆகும் செலவு இதைவிட அதிகம்.

மூன்று நாள் தங்க வைப்பது? கட்டி மட்டும் எடுத்து, மாலையில் எழுந்து நடந்து, தண்ணீர் குடித்தால் பல நாய்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். கழுத்தில் கூம்பு மாட்டிவிட்டு, வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்து, தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறது. மாட்டுக்கு மடியில் மருந்து ஏற்றத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

கட்டியைச் சோதனைக்கு அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே மட்டும் இல்லை, எந்தச் சோதனைக்கும் நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதன் முடிவு எப்படி வந்தாலும் நாம் அடுத்து செய்யப்போவது மாறுமா?" நெஞ்சு எக்ஸ்ரேயில் மாறும், அதனால் அது அவசியம். திசுச் சோதனையில் புற்று என்று வந்தால் கீமோ கொடுக்கப் போகிறீர்களா? நாய்களின் பால்சுரப்பிப் புற்றுக்குக் கீமோ எவ்வளவு உதவுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் குறைவு, முக்கிய வைத்தியம் கத்திதான். அந்தப் பணத்தை நீங்கள் போடப்போவதில்லை என்றால், திசுச் சோதனை உங்களுக்குச் சொல்வது இனி எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான். கையில் இருந்தால் செய்யுங்கள், இல்லை என்றால் விடலாம்.

(பூனை வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனைக்குப் பால்சுரப்பியில் கட்டி வந்தால் பத்தில் எட்டுக்கு மேல் புற்று. அங்கே சின்ன ஆபரேஷன் போதாது, தாமதமும் ஆகாது.)

இப்போது பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான்.

கணக்குப் பார்ப்பதால் கல்மனசு ஆகிவிட மாட்டீர்கள். என் மேஜைக்கு எதிரே உட்காருபவர்களில் பாதிப் பேருக்குக் காசைப் பற்றிப் பேசவே வாய் வராது. "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை டாக்டர்" என்பார்கள், வெளியே போய் ரோட்டில் நின்று யார் யாருக்கோ போன் போடுவார்கள். சிலர் "அப்புறம் வருகிறோம்" என்று போய் வராமலே இருந்துவிடுவார்கள். இரண்டிலும் நஷ்டம் நாய்க்குத்தான். டாக்டர் தரப்பிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. குறைந்த செலவு வழியை நாமே முதலில் சொன்னால் "நம்மைப் பார்த்தால் காசில்லாதவர் மாதிரி தெரிகிறதா" என்று நினைப்பார்களோ என்று இருக்கும், பிறகு ஏதாவது ஆனால் "நீங்கள்தானே அது போதும் என்றீர்கள்" என்பார்கள். அதனால் முழுச் சாப்பாட்டையும் இலையில் வைத்துவிடுகிறோம். நீங்கள் வாயைத் திறந்து, "டாக்டர், எங்களால் மொத்தம் இவ்வளவுதான் முடியும், இதற்குள் ஜூலிக்கு எது ரொம்பப் பிரயோஜனமோ அதைச் செய்யுங்கள்" என்று சொன்னால் நல்ல டாக்டர் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

வேறு இடம் என்றதும், உங்களுக்கு நாமக்கல் தூரமில்லை. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. எக்ஸ்ரே, ஆபரேஷன் எல்லாம் உண்டு, கட்டணம் தனியாரைவிட ரொம்பக் குறைவு. சில மருந்தை வெளியே வாங்கச் சொல்வார்கள், கூட்டம் இருக்கும், மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், ஆபரேஷனுக்குத் தேதி தள்ளிப் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள். ஈரோட்டில் எழுதிக் கொடுத்த சீட்டையும், அங்கே ஏதாவது சோதனை செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனால் செய்ததையே மறுபடி செய்ய வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: இந்தப் பணமும் போய், ஜூலியும் அடுத்த மாதமே போய்விட்டால், வீட்டின் நிலைமை என்ன? வருத்தம் இருக்கும், ஆனால் அடுப்பு எரியும், பீஸ் கட்டியாகிவிடும் என்றால் அந்தத் தொகை சரி. வட்டி கட்டிக்கொண்டு செத்துப்போன நாயை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் அது அதிகம். இந்த எண்ணை வீட்டில் உட்கார்ந்து, மூன்று பேரும் பேசி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். மேஜை மேல் நாய் படுத்துக்கொண்டு உங்களைப் பார்க்கும்போது யாராலும் சரியாகக் கணக்குப் போட முடியாது.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. எல்லா வியாதிக்கும் ஒரே எண் கிடையாது. குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ரத்தபேதி போகிறது என்றால், டிரிப் ஏற்றி நாலைந்து நாள் கவனமாகப் பார்த்தால் பெரும்பாலானவை பிழைத்துவிடும், பார்க்காவிட்டால் பெரும்பாலானவை செத்துவிடும். நடுவில் கிடைப்பது பத்து வருட வாழ்க்கை. கருப்பைச் சீழும் அப்படித்தான், நேரத்துக்கு ஆபரேஷன் செய்தால் பத்தில் ஒன்பது நாய் எழுந்து நடக்கும். இந்த இரண்டுக்கும் கைமாற்று வாங்கியாவது செய்யுங்கள் என்று தைரியமாகச் சொல்வேன். இன்னொன்று, பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டும் கட்டி, தெருவில் நாய்க்கு நாய் தொற்றுவது. அதைக் கேன்சர் என்றதும் பயந்து கைவிட்டுவிடுகிறார்கள். வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒன்றாக நாலு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும், மருந்தும் விலை அதிகமில்லை. எதிர்ப்பக்கத்தில், மண்ணீரலில் வரும் ஒரு ரத்தக்குழாய்ப் புற்று இருக்கிறது. பெரிய ஆபரேஷன் செய்தால் கிடைப்பது ஒன்று முதல் மூன்று மாதம், கீமோவும் சேர்த்தால் அரை வருடத்தை ஒட்டி. அதற்கு நகையை அடகு வைக்கிறேன் என்று வருகிறவரிடம் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன். கேன்சர் என்ற ஒரே பெயர் இரண்டுக்கும், ஒன்று சில ஆயிரத்தில் முழு ஆயுள், இன்னொன்று அரை லட்சத்தில் ஒரு பருவம். ஜூலியின் கட்டி இந்த இரண்டுக்கும் நடுவில், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் எக்ஸ்ரே காட்டும்.

நாய்க்கு இன்சூரன்ஸ் நம் நாட்டிலும் உண்டு. ஆனால் வயதுக்கு வரம்பு வைப்பார்கள், ஏற்கனவே இருக்கிற வியாதிக்குத் தர மாட்டார்கள். ஜூலிக்கு அது முடிந்த கதை. மாடுகளுக்கு இன்சூரன்ஸ் போட்டு, காதில் வில்லை மாட்டியிருக்கிறதா? இல்லை என்றால் அதை முதலில் கவனியுங்கள்.

மாமியார் கேட்ட கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். வீட்டை நடத்திய அனுபவத்தில் கேட்கிறார். மாட்டில் கணக்கு நேர்: மாடு என்ன விலை போகும், இன்னும் எத்தனை ஈற்று கறக்கும், மருந்துக்கு எவ்வளவு. ஆனால் அந்த நேர்க்கணக்கையும் நாம் ஒழுங்காகப் போடுவதில்லை. ஒரே மடிக்காம்புக்கு ஒரே ஈற்றில் மூன்றாவது முறையாக மடிநோய் வந்து, காம்பு கல்லாக இறுகிய பிறகும் ஊசி மேல் ஊசி போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் காம்பு திரும்பாது. உங்கள் மாட்டுக்கு மறுபடி வந்தால், மருந்துக்கு முன்னால் பாலைச் சோதனைக்குக் கொடுத்து எந்த மருந்து கேட்கும் என்று பாருங்கள். ஊசி போட்ட நாட்களிலும், அதற்கப்புறம் டாக்டர் சொல்லும் நாள் வரைக்கும், அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். நாய்க்கு என்ன வரும் என்ற கேள்விக்கு, ஒன்றும் வராது என்பதுதான் பதில், அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். வீட்டில் வருமானம் தராத செலவு எத்தனையோ இருக்கிறது, அதில் இது ஒன்று, அதற்கு ஒரு வரம்பு வைத்துச் செய்கிறோம் என்று சொன்னால் அவரும் இறங்கி வருவார். வரம்பே இல்லை என்று நினைப்பதால்தான் அவருக்குப் பயம்.

எக்ஸ்ரேயில் பரவியிருப்பது தெரிந்தால் என்ன செய்வது? ஆபரேஷனை விட்டுவிடுங்கள். அதேபோல கட்டி சிவந்து, சூடாக, பலகை மாதிரி இறுகி, தொட்டால் வலித்து, ஒரு பக்கம் முழுக்கப் பரவினால் அதற்கும் கத்தி வேண்டாம், அந்த வகைக்கு ஆபரேஷன் கெடுதல். வலி மாத்திரையை டாக்டர் எடைக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பார், மாதச் செலவு பெரிதாக வராது. வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். டைக்ளோபினாக், இபுபுரூஃபன் எல்லாம் நாய்க்குக் குடலில் புண்ணாகி ரத்தம் கசிய வைக்கும். பாரசிட்டமால் பூனையைக் கொன்றேவிடும். (மாட்டுக்கும் டைக்ளோபினாக் கூடாது. அது செத்த மாட்டின் வழியாகப் பாறு கழுகுகளைக் கொன்றதால் 2006 இல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள், இன்னும் யாராவது போட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.) கட்டி உடைந்தால் உப்புத்தண்ணீரால் கழுவி, துணி கட்டி, ஈ மொய்க்காமல் பாருங்கள், நம் வெயிலில் இரண்டு நாளில் புழு வைத்துவிடும். மஞ்சள் பத்து, சூடு, சுண்ணாம்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹீட் வராமலிருக்க ஊசி போடலாம் என்று சொன்னால் கட்டாயம் கேட்காதீர்கள், அந்த ஹார்மோனே இந்தக் கட்டிகளை வளர்க்கும்.

கடைசியில் ஊசி போட்டுத் தூங்க வைப்பது பாவமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, எழுந்து போய் ஒன்றுக்கு இருக்க முடியவில்லை, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, வாரத்தில் நல்ல நாளைவிடக் கெட்ட நாள் அதிகம், இந்த நிலைக்கு வந்த பிறகு இழுத்துக்கொண்டு போவதைத்தான் நான் கொடுமை என்பேன். மயக்க மருந்தை அதிகமாக ஏற்றுவதுதான் முறை, தூக்கத்தில் போய்விடும், பல டாக்டர்கள் வீட்டுக்கே வந்து செய்வார்கள். இதற்கு ஆகும் பணத்தையும் உங்கள் வரம்புக்குள் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். எல்லாவற்றையும் ஆபரேஷனில் செலவழித்துவிட்டு, கடைசி வாரத்துக்குக் கையில் காசில்லாமல் நாய் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது நடக்கிறது.

உங்கள் வீட்டுக்காரரிடம் "நாய்தானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாமக்கல்லுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தறிக்கு ஒரு நாள் லீவு போனாலும் பரவாயில்லை. எக்ஸ்ரே படத்தை டாக்டர் விளக்கு முன்னால் வைத்துக் காட்டும்போது அவர் நேரில் பார்க்க வேண்டும். பரவியிருந்தால் அடகுப் பேச்சை அவரே நிறுத்திவிடுவார். சுத்தமாக இருந்தால், கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆகும் செலவுக்குச் செயின் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன், பால் பணத்திலேயே இரண்டு மூன்று மாதத்தில் சமாளித்துவிடுவீர்கள். போகும்போது ஜூலிக்குக் கடைசி ஹீட் எந்த மாதம் வந்தது என்று ஞாபகப்படுத்திக்கொண்டு போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். இதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த வாரமோ அடுத்த வாரமோ போய்விடுங்கள். படத்தில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.